மூன்று வருசத்துக்கு ஒரு பிள்ளை

(இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள கலைக் கல்லூரி ஒன்றில், உடற்கல்வி இயக்குநரின் பணி நிறைவு விழாவில் பழைய மாணவி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மைதானத்துத் தோழர்களே, பின்னால் இன்னும் பைக்கை விட்டு இறங்காமல் நிற்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் சாருடைய பதக்கப் பட்டியலை வாசித்துவிட்டார்கள். நான் திரும்ப வாசிக்கப் போவதில்லை. சார் நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பதக்கத்துக்கென்று ஒரு பத்தி கிடையாது. பேர், ஊர், ஓடுகிற தூரம், அதற்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு வருசம். முதலில் பார்த்தபோது அது சேர்ந்த வருசம் என்றுதான் நினைத்தேன். இல்லை, அது படிப்பு முடிகிற வருசம். பிள்ளை உள்ளே வந்த முதல் நாளே, அது எப்போது வெளியே போகும் என்று எழுதி வைத்துவிடுவார்.

இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்தேன். கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஒரு பிள்ளை கையில் இருப்பது மூன்றே வருசம். அந்த மூன்றும் முழு மூன்று இல்லை. பன்னிரண்டாவது முடித்துப் பிள்ளை இங்கே சேரும்போது ஆடி பிறந்திருக்கும். ஷூ வாங்கி, முள் குத்தின கால் ஆறி, ஓடப் பழகுவதற்குள் மழை வந்துவிடும். அந்த மழைக்குள்தான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியும் வரும். முதல் வருசம் அதோடு சரி. இரண்டாவது வருசம் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். மூன்றாவது வருசம் டைமிங் இறங்கும், வேகம் கூடும். அப்போது பார்த்து அந்தப் பிள்ளை 'நோ டியூஸ்' ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்டு வந்து நிற்கும்.

நானூறு மீட்டர்க்காரி ஒருத்தி முழுதாக விளைய இது போதுமா? நம்பியார் மாஸ்டர் பி.டி. உஷாவைக் கண்ணூர் விளையாட்டு விடுதியில் தன் கையில் எடுத்தது 1976இல். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் உஷா 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 55.42 வினாடியில் முடித்து, நூற்றில் ஒரு வினாடியில் வெண்கலத்தை விட்டது 1984இல். இடையில் எட்டு வருசம். அவ்வளவு காலமும் ஒரே கை. அடுத்த வருசம் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியபோது நம்பியார் மாஸ்டருக்கும் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த எட்டு வருசத்தில் எங்கள் சார் கையில் இரண்டு செட் பிள்ளைகள் வந்து போய், மூன்றாவது செட் பாதியில் நிற்கும். சாரை நம்பியார் மாஸ்டரோடு ஒரே அளவுகோலில் வைத்து அளப்பது நியாயமில்லை. வேறு ஒருவரோடு வைத்து அளக்கலாம்.

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பின மக்களுக்கென்று ஏற்பட்ட கல்லூரி, டென்னசி ஸ்டேட். எட் டெம்பிள் அங்கே சமூகவியல் வாத்தியார். 1953 முதல் 1994 வரை பெண்கள் தடகள அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அவர் தொடங்கின காலத்தில் அந்தப் பக்கத்து ஓட்டல்களில் கறுப்பினத்தவருக்கு உட்கார இடம் கிடையாது. போட்டிக்குப் பிள்ளைகளைக் காரில் அடைத்துக்கொண்டு, சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போவார்கள். காரைக்குடிக்குப் போகும்போது நம் வேனில் புளிச்சோற்றுப் பொட்டலம் மணக்குமே, அது நமக்குக் காசில்லாததால். அவர்களுக்குக் காசிருந்தாலும் சோறு கிடைக்காது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெண்கள் 4×100 தொடரோட்டத்தில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த நாலு பேரும் டெம்பிளுடைய கல்லூரிப் பிள்ளைகள். அதில் ஒருத்தி வில்மா ருடால்ஃப். சிறு வயதில் போலியோ வந்து காலில் பட்டை கட்டி நடந்தவள், ரோமில் மூன்று தங்கம் வாங்கினாள். டெம்பிளிடமிருந்து ஒலிம்பிக் போனவர்கள் 40 பேர். அதில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள்.

எனக்கு ரோமை விட அந்த 39 பெரிது. சாருக்கும் அப்படித்தான். 'அரியர் வச்சிருக்கவனுக்கு ஸ்பைக்ஸ் கிடையாது' என்பது நம் மைதானத்துச் சட்டம். ஸ்பைக்ஸ் என்கிற அந்த முள் வைத்த ஷூ மொத்தமே நாலு ஜோடி என்பது வேறு கதை.

(சிரிப்பு)

சரி, இந்த மூன்று வருசத்தை நீட்ட சார் என்ன செய்தார்? கடலில் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். மற்ற நாளில் தங்கச்சிமடம், பாம்பன் பையன்கள் படகு போகிற ராத்திரி கடலில் கிடப்பார்கள். மறுநாள் மைதானத்துக்கு வந்தால் கண் சொருகும். தடைக்காலத்தில் பையன் கரையில் இருப்பான், பரீட்சையும் முடிந்துவிடும், தூக்கமும் உண்டு. அடிப்படை உடல்வலுவை ஏற்றுவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை என்று கணக்குப் போட்டார்.

கணக்கு சரி, வீட்டில் ஒத்துக்கொள்ள வேண்டுமே. எங்கள் செட்டில் ஈட்டி எறிந்த ஒருவனுடைய அப்பா சாரிடம் முகத்துக்கு நேரே கேட்டார்: 'தடைக்காலத்துல கேரளா பக்கம் போனாத்தான் சார் எங்களுக்கு நாலு காசு. இவனை நீங்க ஓட விட்டா எங்க வீட்டு அடுப்பு எரியுமா?' சார் விளையாட்டின் பெருமை பற்றி அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, 'ஒரு மாசம் உங்களுக்கு, ஒரு மாசம் எனக்கு' என்றார். பையன் கொல்லத்துக்குப் போனான். போகும்போது அவன் சட்டைப்பையில் சார் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் தோளுக்கும் கைக்கும் பயிற்சி எதுவும் இல்லை, வலை இழுக்கிறவனுக்கு அது தேவையும் இல்லை. இடுப்புக்கு, முதுகுக்கு, வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்துக்கு மட்டும் எழுதியிருந்தார்.

இங்கே இருந்தவர்களுக்கு அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை அடங்கியிருக்கும், ஈர மணல் கெட்டியாகக் கிடக்கும். கடலோரத்துப் பிள்ளைகள் மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சார் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வார். உலர்ந்த மணலில் ஓடினால் கெட்டித் தரையில் செலவாவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், உண்மைதான். ஆனால் குதிகால் நரம்புக்கு அது எமன். அதனால் உலர் மணலில் கொஞ்சம், ஈர மணலில் நிறைய. இன்னொன்று: கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தூரம் அதே கரையில் திரும்பி ஓடியே வர வேண்டும். பாதியில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், பேர் சொல்ல மாட்டேன்.

காற்று விசயத்திலும் அவர் கறார். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடின காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு எல்லை எவ்வளவு தெரியுமா? முதுகுக்குப் பின்னால் வினாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு ஏழே கால் கிலோமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் 7 கிலோமீட்டர் காற்றை யாரும் காற்று என்றே சொல்ல மாட்டார்கள். 'கச்சான் ஓடின டைமிங்டா இது, நீ ஓடினது இல்ல' என்று சொல்லி நோட்டில் எழுத மறுத்துவிடுவார்.

எழுதுகிற டைமிங்கையும் அப்படியே எழுத மாட்டார். கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். கட்டை தட்டின சத்தம் காதுக்கு வந்து விரல் அமுங்குவதற்குள் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. அதனால் நூறு, இருநூறு மீட்டருக்கு 0.24 வினாடி, நானூறுக்கு 0.14 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். கூட்டின எண்ணைத்தான் எங்களிடம் சொல்வார். 10.9 ஓடினேன் என்று கேன்டீனில் பிரியாணி வாங்கிக் கொடுத்த ஒருவனுக்கு, மறுநாள் நோட்டில் 11.14 என்று இருந்தது. பிரியாணிக் காசை அவன் திருப்பிக் கேட்டதாக ஞாபகம்.

டிராக் போடுகிற நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பையன் வீட்டிலிருந்து தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலான் நரம்பு, கொண்டு வந்தான், வளைவுக்குக் கயிறாகப் பிடிக்கலாம் என்று. சார் ஒரு முனையைக் காலில் மிதித்து இழுத்துக் காட்டினார். 'இழுக்க இழுக்க நீளுது பார். மீனுக்குச் சரி, கோட்டுக்கு ஆகாது.' வளைவுக்கு நீளாத இரும்புக் கம்பிதான். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். நானூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாவது பாதைக்காரர் 14.70 மீட்டர் முன்னால். முதல் தாவல் 7.04, அடுத்தது 7.66, ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை என்று கேட்பார். முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறோம், மற்றப் பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. கணக்கில் அரியர் வைத்திருந்த எனக்கு 'பை' (π) என்பது எதற்கு என்று விளங்கியது சுண்ணாம்பு வாளியோடு நின்ற அந்த வெயிலில்தான்.

பெண் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டு வந்தது தனிக் கதை. எனக்கு இரண்டு வருசம் மூத்த அக்கா ஒருத்தி, பெரியபட்டினம். அவருடைய உம்மா சொன்னார்: 'ஓடட்டும் சார். தலையத் தொறந்துதான் ஓடணும்னா வேணாம்.' சார், 'விதியில அப்படி ஒண்ணும் இல்லம்மா. உடுப்பு சுத்தமா இருக்கணும், பாக்குறவங்களுக்கு உறுத்தக் கூடாது, அவ்வளவுதான்' என்றார். அடுத்த தடவை போகும்போது பத்திரிகையில் வந்த ஒரு படத்தையும் கத்தரித்து எடுத்துப் போனார். பஹ்ரைன் நாட்டு ருக்கையா அல் கஸ்ரா. தலையை மூடிக்கொண்டு ஓடி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இருநூறு மீட்டர் தங்கம் வாங்கியவர். அந்தப் படம் அந்த வீட்டு அலமாரிக் கதவில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது.

இவ்வளவும் செய்து, மூன்றாவது வருச முடிவில் பிள்ளையை அனுப்பிவிட வேண்டும். சிலர் போலீஸ், சிலர் ரயில்வே, என்னைப்போல் சிலர் பி.பி.எட். என்கிற உடற்கல்விப் படிப்பு முடித்துப் பள்ளிக்கூடத்து விசில். நல்ல டைமிங் உள்ளவர்களை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள், செய்தியில் அவர்கள் பேர்தான் வரும். பக்கத்து மதுரையில் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடியதைப் பார்த்து அழைத்து வந்து, கல்லூரியில் இடமும் வாங்கிக் கொடுத்தவர் கண்ணன் சார். ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்குப் போனது பாட்டியாலா தேசிய முகாமிலிருந்து. தொடங்கி வைத்தவரின் பேரையும் ரேவதி விடாமல் சொன்னதால் நமக்குத் தெரிகிறது. எல்லாப் பிள்ளைகளும் சொல்வதில்லை. சார் அதற்கு வருத்தப்பட்டு நான் பார்த்ததும் இல்லை. சிவப்பு மையில் வருசத்தை முதல் நாளே எழுதி வைத்தவர் எதற்கு வருத்தப்படப் போகிறார்?

முதல்வர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பணியிடத்தைக் காலியாக விடாதீர்கள். இங்கே ஒரு வருசம் காலி என்றால், இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைக்கு மிச்சமிருப்பதே அந்த ஒரு வருசம்தான். புதியவர் வரும்வரை பழைய மாணவர்கள் முறை வைத்துக் காலையில் வருகிறோம், அனுமதி மட்டும் தாருங்கள்.

பழைய மாணவர்களுக்கு: நூறு மீட்டர் தொடங்குகிற முனையில் சீமைக்கருவேலம் மறுபடி முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மண்வெட்டி, அரிவாளோடு வந்துவிடுங்கள். செருப்பு தடியாக இருக்கட்டும். டீ வாசல் கடையில், காசு என் கணக்கில். சார், நீங்கள் பையில் கைவிட வேண்டாம். நன்றி, வணக்கம்.