ஏத்தத்துல மட்டும் மிஸ் அடிக்கிற 121: ஹட்டன்ல வச்சு தேடிப் புடிச்ச கதை

வணக்கம் மக்களே. தகரத்துல மழை விழுற சத்தம் கேட்கும், ஒன்னும் பண்ண ஏலாது, ஹட்டன்ல மழை விடட்டும்னு நின்னா இந்த வீடியோ இந்த மாசம் வராது. இன்னைக்கு நம்ம 121 கொரோலா கார், 1என்இசட் எஞ்சின், மிஸ் அடிக்குது, அதாவது ஒரு சிலிண்டர்ல பெற்றோல் எரியாம விட்டுப் போகுது.

எப்படின்னா, கொழும்புல இருந்து அவிசாவளை வரைக்கும் பூ மாதிரி வருது, கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏத்தம் தொடங்குனதும் மூனாவது கியர்ல மிதிச்சா டக் டக்குனு உதறுது, இழுவையே இல்ல, பின்னால வர்ற பஸ்காரர் ஹோர்ன் அடிச்சே கொல்றாரு, இதுல எஞ்சின் லைட் வேற மினுங்குது. அந்த லைட் சும்மா எரிஞ்சிட்டு இருந்தா மெதுவா வீட்டுக்கு வந்து பாக்கலாம். மினுங்குச்சுன்னா கால எடுத்துருங்க. எரியாத பெற்றோல் அப்படியே வெளிய தள்ளி, சைலன்சர் பைப்புல புகைய சுத்தம் பண்ற கன்வர்ட்டர்குள்ள போயி எரியும், அது சூடாகி உள்ளுக்கு உருகுச்சுன்னா அதுக்கு குடுக்கிற சல்லியில இந்த வேலைய பல தடவ செஞ்சிரலாம்.

பணிய ஒரு கராஜ்ல காட்டுனேன், பேர் வேணாம். சமதரையில ஸ்டார்ட் பண்ணி பாத்தாங்க, ஐடில் சுத்தமா இருக்கு, பெற்றோல் சரியில்லன்னு சொல்லி நாலு ப்ளக்கும் புதுசா போட்டு அனுப்பிட்டாங்க. அன்னைக்கே வட்டவளையில திரும்ப உதறல். அவங்கள முழுசா குத்தம் சொல்லவும் முடியாது, இந்த வியாதி தரையில தெரியாது.

ஏன்னா பாருங்க, ஏத்தத்துல நாம மிதிக்கிறப்ப சிலிண்டர்குள்ள காத்து நிறைய போகுது, அமுக்கம் கூடுது, அந்த அமுக்கத்துல ப்ளக் முனையில இருக்கிற 1.1 மில்லிமீட்டர் இடைவெளிய தாண்டுறதுக்கு பொறிக்கு இன்னும் கூட வோல்டேஜ் வேணும். கரண்டும் தோட்டத்து ஆளுங்க மாதிரிதான், ரோட்டுல சுத்திப் போக கஷ்டமா இருந்தா தேயிலைக்குள்ள குறுக்கு பாதை இருக்கான்னு பாக்கும். ப்ளக்குக்கு மேல உக்காந்து கரண்ட் குடுக்கிற கொயிலோட ரப்பர் எங்கயாச்சும் வெடிச்சிருந்தா அதுவழியா எஞ்சின் ஹெட்டுக்குப் பாஞ்சிரும், உள்ள பொறி விழாது. ஐடில்ல அமுக்கம் கம்மி, நேர் வழியே சுகம், அதனால ஒழுங்கா ஓடும்.

சரி, கூட்டாளிக்கிட்ட ஸ்கேனர் வாங்கி குத்துனேன், பி 0303, மிஸ் அடிக்கிற கோட். கடைசி இலக்கம்தான் சிலிண்டர், அதாவது மூனு. பெல்ட் இருக்கிற பக்கம், நம்ம ஊரு வண்டியில ட்ரைவர் பக்கம், அதுல இருந்து ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கோங்க. இப்ப மூனாவது கொயில கழட்டி ஒன்னுல போட்டேன், ஒன்னுல இருந்தத மூனுல போட்டேன். ப்ளக்க தொடல, ரெண்டையும் ஒரே நேரம் மாத்துனா எது கள்ளன்னு தெரியாம போயிரும். கோட அழிச்சிட்டு நம்ம லயத்துக்கு மேல இருக்கிற ஏத்தத்துல மூனு தடவ ஏறி எறங்குனேன், பிள்ளைங்க எல்லாம் ரோட்டோரம் நின்னு எண்ணுதுங்க. மூனாவது தடவ உதறுச்சு, கோட் பி 0301. வியாதி கொயிலோட சேந்து நடந்து போயிருச்சு, அப்ப கொயில் இல்லாட்டி அதோட ரப்பர்.

டோர்ச்ச அடிச்சு காட்டுறேன், இந்தா பாருங்க, ரப்பர மடிச்சா இந்த எடத்துல முடி மாதிரி ஒரு வெடிப்பு. மூனாவது ப்ளக்கையும் கழட்டிட்டேன், பீங்கான்ல மேல இருந்து கீழ பென்சில்ல கோடு போட்ட மாதிரி ஒரு கருப்பு. அதான் குறுக்கு பாதை. ப்ளக் புதுசுதான், ஆனா இந்த கோடு விழுந்துட்டா துடைச்சு பிரயோசனம் இல்ல, கோடு விழுந்த ப்ளக்கோட புது ரப்பர் போட்டா அந்த ரப்பரையும் கெடுத்துரும், ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். அப்புறம் ஒரு உண்மைய சொல்லிர்றேன், ப்ளக் உக்கார்ற குழிக்குள்ள தண்ணி காஞ்ச துரு அடையாளம் இருக்கு. பொங்கலுக்கு முந்தி எஞ்சின நல்லா கழுவி விடுங்கன்னு சேர்விஸ் ஸ்டேஷன்ல சொன்னது நான்தான்.

நம்ம மெக்கானிக் பாஸ் ஒருத்தர் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டர் எவ்வளவு அமுக்குதுன்னும் பாத்துருவோம்னாரு, பாத்தோம், நாலும் கிட்டத்தட்ட ஒன்னாதான் இருக்கு. மலையில கம்ப்ரஷன் அடிக்கிறவங்க ஒன்ன மறந்துராதீங்க, புத்தகத்துல இருக்கிறது கீழ் நாட்டுக் கணக்கு. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல, இங்க காத்தமுக்கம் ஏழுல ஒரு பங்கு கொறவு, நுவரெலியாவுல அஞ்சுல ஒரு பங்கு. கேஜும் அந்த அளவுக்கு கொறச்சுதான் காட்டும். அத பாத்துட்டு பிஸ்டன் ரிங் போயிருச்சுன்னு எஞ்சின எறக்க வச்ச கதையெல்லாம் இங்க இருக்கு. நாலுக்கும் இடையில வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்குள்ள இருக்கான்னு பாருங்க, அதுதான் முக்கியம்.

கொயில் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில இருந்து பஸ்ல வந்துச்சு, வேற வண்டியில கழட்டுன ஒரிஜினல். பேர் தெரியாத புதுசுக்கு இது மேல். மாட்டுறப்ப எஞ்சின் ஆறி இருக்கணும், ஹெட் அலுமினியம், சூட்டுல ப்ளக்க திருப்பி மரைய கெடுத்துராதீங்க. கழட்ட முந்தியே குழிக்கு காத்தடிச்சு மண்ண எடுத்துருங்க, இல்லாட்டி அது நேரா பிஸ்டன் மேலதான் விழும். 16 சொக்கெட். முதல்ல கையால, ஒரு துண்டு ரப்பர் ஹோஸ மாட்டி சுத்துங்க, இறுகுனா நிப்பாட்டிட்டு திரும்ப எடுங்க, பலவந்தம் வேணாம். ரப்பர் வாய்க்குள்ள சிலிக்கன் கிரீஸ் விரல் நுனி அளவு.

நேத்து கினிகத்தேனை எறங்கி திரும்ப ஏறுனேன், மூனாவது கியர், ஏசி போட்டு, நாலு பேரு உள்ள. ஒரு உதறலும் இல்ல, லைட்டும் இல்ல. ஆனா நாலாவது குழிய பாக்குறப்ப அடியில கொஞ்சம் எண்ணெய் நிக்குது, வால்வ் கவர் கெஸ்கட் கசியுது போல, அந்த ரப்பரும் எண்ணெயில ஊறிட்டு இருக்கு. கெஸ்கட் சம்பளம் வந்த பிறகுதான். இப்ப பொனட்ட மூடுறேன், தகரம் ஒழுகுது.