கல்யாணம் ஆயிற்று, பதிவு ஆயிற்றா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே குன்னூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்த உரிமையாளர் அவர்களே, இந்தக் குளிரிலும் குழந்தைகளைச் சால்வையில் சுற்றித் தூக்கி வந்திருக்கும் கோத்தகிரித் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருமணச் செலவு, மாமியார் மருமகள் உறவு, திருமணப் பதிவு ஆகிய மூன்றையும் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியோர். அதை ஐப்பசி மழையில் மலைமேல் பண்ணிப் பார் என்பேன் நான்.

குன்னூரில் என் உறவினர் வீட்டில் அப்படித்தான் பண்ணிப் பார்த்தார்கள். மாலை வரவேற்புக்காகக் கோவையிலிருந்து ஏறி வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வேன், பர்லியாற்றருகே மண் சரிந்து சாலை அடைபட்டதால் மீண்டும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு நள்ளிரவுக்குப் பிறகுதான் மண்டபத்தை அடைந்தது. அதற்குள் விருந்தினர் மொய் எழுதி, சாப்பிட்டு, மேடையில் தனியாக நின்ற பெண்ணை வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆளில்லாமல் வரவேற்பா என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முறுக்கிக்கொள்ள, பெண்ணின் தகப்பனார் சமையற்காரர்களை எழுப்பி, துண்டை உதறித் தோளில் போடச் சொல்லி, வரிசையாக மேடையேற்றினார். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் பாதிப்பேர் கையில் கரண்டி இருக்கும்!

பின்னாளில் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, மனைவிக்கு விசா கேட்டபோது, அந்த ஆல்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். விசா அதிகாரிகள் திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தவர்கள் பதிவு பண்ணிப் பார்க்கவில்லை.

எம்மதத்தவர் திருமணமாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி, 90 நாள் கெடு வைத்து, தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை இடமளித்தது. புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏற்றுக்கொண்டது என்றாலும், அப்படி மணந்தவர்களுக்கும் பதிவு உண்டு. பதியாத காரணத்தாலேயே ஒரு திருமணம் செல்லாமற் போவதில்லை. ஆனால் கணவனை இழந்தவள் குடும்ப ஓய்வூதியம் கேட்டு நிற்கும்போது, தான் மனைவிதான் என்று மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையில் விழுகிறது. திருமணச் செலவையும் மாமியார் மருமகள் செய்தியையும் இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வட்டாட்சியர் அவர்கள் மலைப்பாதையில் திரும்ப வேண்டும்.

வாசலருகே மேசையில் விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன. வயதுச் சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ் ஆகியவற்றோடு சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் செல்லுங்கள்; எழுதத் தயங்குவோருக்கு நிரப்பித் தர நம் இளைஞர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.