தேடல் பெட்டிக்கு அப்பால்

நேயர்களுக்கு வணக்கம்.

தேசிய நூலகம் என்றதும் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த புத்தகங்கள்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான நாடுகளில் அந்த அலமாரிகளைச் சட்டமே நிரப்புகிறது. நாட்டில் அச்சாகும் எதிலும் ஒரு படியையாவது நூலகத்துக்குத் தந்தாக வேண்டும். பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா 1537ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அதனால்தான் பெருங்காப்பியங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிப் பாடநூல்களும் பழைய நாளிதழ்களும் நின்றுபோன சிற்றிதழ்களும் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடுபவருக்கு, யாரும் பத்திரப்படுத்த நினைக்காத இந்தத் தாள்கள்தான் பொக்கிஷம்.

இவற்றில் ஒரு பகுதி இன்று வீட்டுக்கே வருகிறது. பிரான்சு தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய கலிக்கா தளமும், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளமும் எந்த நாட்டினருக்கும் இலவசம். பழைய பக்கங்களைச் சிறிதாகப் படம் பிடித்துவைத்த மைக்ரோபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் பூத்துப்போக வேண்டிய வேலை, ஒரு சொல்லைத் தட்டினால் முடிகிறது. ட்ரோவில், பக்கத்தின் படத்திலிருந்து கணினி தப்பாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்துகிறார்கள். முகம் தெரியாதவர்கள் கூலியில்லாமல் செய்யும் அந்தத் தொண்டை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆனால், "முடிவுகள் இல்லை" என்று திரை சொன்னால் நம்பிவிடாதீர்கள். பழைய தமிழ் அச்சில் 'லை', 'னை' போன்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு இருக்கும். துணைக்காலும் 'ர'வும் ஏறக்குறைய ஒரே வடிவில் நிற்கும். கணினி இங்கே தடுமாறிவிடுகிறது. நீங்கள் தேடும் பெயர் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். தேடலில் மட்டும் அகப்படாது. எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். தேதி தெரிந்தால் அந்த இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பதிப்புரிமை முடியாத நூல்களோ, பெரும்பாலும் பட்டியலில் மட்டுமே தெரியும்.

ஆகவே, ஒருமுறையாவது நேரில் போக வேண்டும். வாசகர் அட்டை எடுக்க என்ன சான்று கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே பாருங்கள். வேண்டிய நூலையும் முன்பதிவு செய்துவிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இருப்பில் பெரும்பகுதி லண்டனிலேயே இல்லை, யார்க்ஷயரில் இருக்கிறது. கேட்ட உடனே கைக்கு வராது. அரிய நூல்களைப் படிக்கும் அறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான்.

நூல் மேசைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். பழைய தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீரோட்டக் குறி (வாட்டர்மார்க்) வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். புகைப்படத்தின் பின்புறத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். எடுத்த இடமும் ஆண்டும் பென்சிலில் அங்கே எழுதியிருக்கக்கூடும். முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்த திரையில் அது வராது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. புத்தகங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் இணையப் பட்டியல் முடங்கியதால், 2024 ஜனவரியில் அது ஓரளவு திரும்பும்வரை ஆய்வாளர்கள் தவித்துப்போனார்கள். அப்போதும் கைகொடுத்தவர்கள் நூலகர்கள்தான்.

அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "இந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், எதைத் தேடுகிறீர்கள், ஏன் தேடுகிறீர்கள், இதுவரை எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒரே வரியில் பட்டியலிட்டிருக்கும் ஒரு பெட்டிக்குள் நூறு கடிதங்கள் இருக்கலாம். எந்தப் பெட்டியைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நேரில் போக வழியில்லாதவர்கள் மின்னஞ்சலிலும் கேட்கலாம். பல தேசிய நூலகங்கள் பதில் எழுதுகின்றன.

வணக்கம்.