ராஜாவை வாசல்ல நிக்க வச்சது யாரு?

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம். இடைக்கால ஐரோப்பால சாமானிய ஜனங்களுக்கு அரணா இருந்தது திருச்சபையா அரசாங்கமா, இதான் தலைப்பு, நான் திருச்சபைதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அம்மா, விளைச்சல்ல பத்துல ஒரு பங்கை திருச்சபை தசமபாகம்னு வாங்கிக்கிச்சே, இதுவா அரண்னு கேட்டாங்க. வாங்கிச்சும்மா, இல்லங்கல. ஆனா கோட்டை கட்டிக்கிட்டு குதிரைல வந்து மாட்டை ஓட்டிட்டுப் போனான் பாருங்க ஒரு பிரபு, அவனை யாரு தட்டிக்கேட்டாங்க? 989ல பிரான்ஸ்ல சாரூங்கற ஊர்ல பிஷப்புங்க கூடி, ஏழை குடியானவனோட ஆடு மாடு கழுதை பன்னிய எவன் பறிச்சாலும், ஈடு கொடுக்கலன்னா அவனுக்கு சாபம்னு தீர்மானம் போட்டாங்க. பிரான்ஸ் ராஜாவோட கை அங்க எட்டவே இல்லையே! அடுத்த நூற்றாண்டுல புதன் சாயங்காலம் தொடங்கி திங்கள் விடியற வரைக்கும் சண்டையே கூடாதுன்னு கட்டுப்பாடு, எல்லாரும் மதிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஊருக்கு நடுவுல அதை சொல்ல ஒரு வாய் இருந்துச்சு.

அப்புறம் இத்தாலில இருக்கற கனோசா கோட்டை. பிஷப்புங்களை யாரு நியமிக்கறதுங்கற தகராறுல, 1076ல ஜெர்மனி ராஜா நாலாம் ஹென்றியை போப் ஏழாம் கிரகோரி திருச்சபைய விட்டு தள்ளி வச்சு, ராஜாவுக்குக் கொடுத்த விசுவாச சத்தியம் இனி யாரையும் கட்டாதுன்னு அறிவிச்சார், அவ்வளவுதான், பிரபுக்கள் எல்லாம் போப்கிட்ட மன்னிப்பு வாங்கலன்னா ராஜா பதவி போச்சுன்னு ஒரு வருஷ கெடு வச்சாங்க, 1077 ஜனவரில ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்து வெறுங்காலோட மூணு நாள் போப் தங்கியிருந்த அந்தக் கோட்டை வாசல்ல நின்னார் அந்த ராஜா. 1084ல அதே ஹென்றி ரோமைப் பிடிச்சு போப்பை விரட்டலையான்னு எதிரணி கேக்கும். விரட்டினார். ஆனா 1122ல வோர்ம்ஸ் உடன்படிக்கைல, பிஷப்புக்கு பதவி அடையாளமா மோதிரமும் கோலும் கொடுக்கற உரிமைய அவர் மகன் அஞ்சாம் ஹென்றிதானே விட்டுக் கொடுத்தார்?

இங்கிலாந்துல 1208லேந்து 1214 வரைக்கும் போப் பூசைய நிறுத்தி வச்சாரே, ஜான் ராஜா மேல இருந்த கோவத்துக்கு ஜனங்க ஏன் அவதிப்படணும்னு கேட்டீங்க. அது அநியாயம்தான், செத்தவங்களை கோயில் மண்ணுல புதைக்கக்கூட முடியல, எனக்கே அது மனசுக்கு ஒப்பல. ஆனா அதே இங்கிலாந்துல குற்றம் சாட்டப்பட்டவன் கோயிலுக்குள்ள ஓடிட்டான்னா 40 நாள் ராஜாவோட ஆள் அவனை இழுத்துட்டுப் போகக் கூடாது, குத்தத்தை ஒத்துக்கிட்டு துறைமுகத்துக்கு நடந்துபோய் கப்பலேறிடலாம், நாடு போகும், உசுரு நிக்கும். வெளிய தூக்குமரம் காத்துக்கிட்டு இருக்கறப்ப அவன் எந்த வாசலுக்கு ஓடினான்னு மட்டும் எதிரணி சொல்லட்டும்.