3 சைன் + 4 கொசைன்: 7 என்று எழுதினால் மார்க் போச்சு! | சார்பகம், வீச்சகம்

3 சைன் எக்ஸ் + 4 கொசைன் எக்ஸ். இதன் மதிப்பு அதிகபட்சம் எவ்வளவு வரை போகும்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு விடை எழுதி வையுங்கள். சைனும் 1ஐத் தாண்டாது, கொசைனும் 1ஐத் தாண்டாது, அதனால் 3ம் 4ம் 7 என்று எழுதியிருந்தால் தவறு. ஏன் தவறு என்பதற்கு உங்கள் தெருவில் ஓடும் கரண்ட் கம்பியே சாட்சி, அங்கே வருகிறேன்.

[திரையில்: சைன் வளைவரை]

முதலில் அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். உள்ளே என்னென்ன எண்களைப் போடலாம் என்பது சார்பகம், வெளியே என்னென்ன எண்கள் வரும் என்பது வீச்சகம். டொமைன், ரேஞ்ச் என்று படித்தவர்களுக்கும் இதேதான். சைன், கொசைன் இரண்டுக்கும் எந்த மெய்யெண்ணையும் போடலாம், வருவது −1 முதல் 1 வரை.

இப்போது 3 − 2 சைன் 5எக்ஸ். உள்ளே இருக்கும் அந்த 5ஐப் பார்த்துப் பயப்படவே வேண்டாம், அது அலையை நெருக்கமாக்குகிறது, உயரத்தைத் தொடுவதே இல்லை. சைன் 5எக்ஸும் −1 முதல் 1 வரைதான், 2ஆல் பெருக்கினால் −2 முதல் 2, மைனஸ் குறி தலைகீழாக்கினாலும் அதே −2 முதல் 2, 3ஐக் கூட்டினால் 1 முதல் 5. வீச்சகம் கேட்டால் வெளியே இருக்கும் எண்களைப் பாருங்கள், சார்பகம் கேட்டால் உள்ளே இருப்பதைப் பாருங்கள். இதற்கு எதற்கு ஒரு பக்க அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, 7க்கு வருவோம். எக்ஸ் 0 டிகிரியாக இருக்கும்போது கொசைன் உச்சத்தில் இருக்கிறது, சைன் பூஜ்ஜியம், மொத்தம் 4. 90 டிகிரியில் சைன் உச்சத்தில், கொசைன் படுத்துவிட்டது, மொத்தம் 3. நடுவில் 45 டிகிரியில் சுமார் 4.95. கிட்டத்தட்ட 37 டிகிரியில் சைன் 3/5, கொசைன் 4/5, போட்டுப் பாருங்கள்: 9/5 + 16/5, சரியாக 5! அதற்கு மேல் எங்கேயும் ஏறாது. தேரின் ஒரு வடத்துக்காரர்கள் மூச்சைப் பிடித்து இழுக்கும்போது மற்ற வடத்துக்காரர்கள் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தால் இரண்டு பலமும் எப்படிச் சேரும்? அதே கதைதான்.

[திரையில்: மூன்று வளைவரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக]

இது தற்செயல் இல்லை. 3, 4, 5 செங்கோண முக்கோணம் நினைவிருக்கிறதா? 5ஐ வெளியே எடுத்தால் உள்ளே 3/5 சைன் + 4/5 கொசைன் மிஞ்சும், அது சைன் கூட்டல் சூத்திரமேதான், ஆக மொத்தமும் சுருங்கி 5 சைன் (எக்ஸ் + 53 டிகிரி) என்று ஆகிவிடுகிறது, அந்த 53 மட்டும் தோராயம். இரண்டு அலைகள் என்று நாம் நினைத்தது பக்கவாட்டில் நகர்ந்த ஒரே சைன்! வீச்சகம் −5 முதல் 5. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

இப்போது கரண்ட் கம்பி. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஏறி இறங்கும் அலைக்கு ஒருவகைச் சராசரி, உண்மையில் அந்த அலை விநாடிக்கு 50 முறை −325க்கும் +325க்கும் இடையே ஏறி இறங்குகிறது, 230ஐ ரூட் 2ஆல் பெருக்கிப் பாருங்கள். த்ரீ பேஸ் இணைப்பில் இப்படி மூன்று அலைகள், ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வருகின்றன. இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை அளக்க மீட்டர் வைத்தால் 460 காட்ட வேண்டும் என்றுதானே தோன்றும்? காட்டுவது சுமார் 400. ஒன்று உச்சியில் நிற்கும்போது மற்றொன்று இன்னும் அடிமட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் 2 மடங்குக்குப் பதில் ரூட் 3 மடங்குதான் கிடைக்கிறது. வீச்சகமாகச் சொன்னால் −650 முதல் 650 அல்ல, சுமார் −563 முதல் 563. (தயவுசெய்து யாரும் மீட்டரோடு கிளம்பாதீர்கள், தாளில் போட்டுப் பார்த்தால் போதும்.)

இதுவரை சார்பகம் தொந்தரவே தரவில்லை. டேன் வந்தால் தரும். டேன் 90 டிகிரியில் வரையறுக்கப்படவில்லை, ஆகவே டேன் 2எக்ஸில் எக்ஸ் 45 ஆனாலே வண்டி நின்றுவிடும், அப்புறம் 135, 225 என்று 90 டிகிரிக்கு ஒருமுறை நிற்கும், அந்த இடங்களை நீக்கிவிட்டு மீதியை எழுதுங்கள். வீச்சகம் எல்லா மெய்யெண்களும்.

கடைசியாக, பலரும் வழுக்கி விழும் இடம்: 1/(2 கொசைன் எக்ஸ் − 1). கீழே இருப்பது −3 முதல் 1 வரை போகும். உடனே தலைகீழாக்கி −1/3 முதல் 1 வரை என்று எழுதிவிடுகிறார்கள், நேர் எதிர்! வகுக்கும் எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க விடை வானத்துக்கோ பாதாளத்துக்கோ ஓடுகிறது, அதனால் −1/3ம் அதற்குக் கீழேயும், 1ம் அதற்கு மேலேயும்தான் விடை, நடுவில் இருப்பதில் ஒரு எண்கூட வராது. சார்பகத்தில் கொசைன் 1/2 ஆகும் 60, 300 டிகிரிகளையும், அவற்றோடு 360 டிகிரியின் மடங்குகளைக் கூட்டினாலோ கழித்தாலோ வருபவற்றையும் நீக்க மறக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: சைன் எக்ஸ் × கொசைன் எக்ஸ், வீச்சகம் என்ன? −1 முதல் 1 என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் முதலில் எக்ஸுக்கு 45 டிகிரி போட்டுப் பாருங்கள். காரணத்தோடு சரியாகச் சொல்லும் முதல் கமெண்டை பின் செய்கிறேன், சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் சொன்னாலும் பரவாயில்லை, செய்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.