பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கப் போகிறீர்களா? டிக்கியில் இருந்து தொடங்குங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குத் திருநெல்வேலி தச்சநல்லூரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குள் நிற்கிறேன். பின்னால் கேட்பது கிரைண்டர் சத்தம். அண்ணாச்சி இரண்டு நிமிஷம் நிறுத்துகிறேன் என்றார், நிறுத்தவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் வெள்ளையாக நிற்பது டாடா எஸ்டேட். அதற்கு அடுத்தது இண்டிகோ மெரினா. ஸ்டேஷன் வேகன் என்றால் இப்படிக் கூரை பின்கதவு வரை நீண்டு, டிக்கியும் உள்ளேயே சேர்ந்திருக்கும் கார். இரண்டும் விற்பனைக்கு இல்லை, விலை கேட்டு யாரும் வந்துவிடாதீர்கள். காட்டுவதற்காக மட்டும் கேட்டு வாங்கி நிறுத்தியிருக்கிறேன்.

பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குள் பழைய வேகன் ஒன்று வாங்க வேண்டும், எந்த மாடல் நல்லது? மாடலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேகன் பார்க்கப் போனால் பானட்டைத் திறக்காதீர்கள். நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறங்கள்.

காரணம் இருக்கிறது. நம் நாட்டில் வந்த வேகன்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பாதி ஏதாவது ஒரு செடானோடு அல்லது ஜீப் வகை வண்டியோடு பொதுவானது. இந்த எஸ்டேட்டில் இருக்கும் 1948 சிசி டீசல் இன்ஜின்தான் பழைய சுமோவிலும் இருந்தது. சுமோ ஓடாத ஊர் நம் பக்கம் உண்டா? பாவூர்சத்திரத்தில் கேட்டாலும் வள்ளியூரில் கேட்டாலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். மெரினாவின் 1.4 லிட்டர் டீசல் இண்டிகா குடும்பத்து இன்ஜின். டிராவல்ஸ்காரர்கள் இண்டிகாவை ஓட்டி ஓட்டியே அதன் நோய் எல்லாவற்றுக்கும் மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆக, இன்ஜின் போனால் பணம்தான் போகும்.

பின்பாதி கதை வேறு. பின்கதவு, அதன் கண்ணாடி, சுற்றி ஓடும் ரப்பர் பீடிங், பின்விளக்கு, பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நீளக் கண்ணாடி, இவை எல்லாம் வேகனுக்கென்று மட்டும் செய்தவை. வேகனோ இங்கே விற்றதே கொஞ்சம். நம் ஆட்களுக்கு டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு இருந்தால்தான் அது கார். இல்லாவிட்டால் அது ஆம்புலன்ஸ். 2005-ல் இன்னோவா வந்த பிறகு சாமான் ஏற்றக் கேட்டவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆக, உடைந்தால் மாற்றுக் கண்ணாடிக்கு மதுரையில் இருந்து கோவை வரை பழைய இரும்புக் கடைகளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சரி, கேமராவைக் கொஞ்சம் கீழே கொண்டுபோகிறேன். ஸ்டெப்னி வைக்கிற குழியைப் பாருங்கள். பீடிங் வெடித்துத் தண்ணீர் இறங்கினால் முதலில் இங்கேதான் தேங்கும். விரிப்பைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். தகரம் நெளிந்தால் உள்ளே அரித்துவிட்டது. அடுத்து பின்சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவுக் கீல் பூட்டிய இடம், கூரையில் ரெயில் இருந்தால் அதன் அடிப்பகுதி. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடவிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உவரி, திசையன்விளை, தூத்துக்குடிப் பக்கம் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம். கடல் காற்று மேலே காட்டாது, அடியில் தின்றுவிடும்.

இப்போது கதவை மேலும் கீழும் அசைக்கிறேன். கீல் பக்கத்தில் கறுப்பு ரப்பர் குழாய் தெரிகிறதா? அதற்குள்தான் கதவில் இருக்கும் விளக்கு, வைப்பர், பூட்டு ஆகியவற்றின் ஒயர்கள் போகின்றன. ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடியதில் உள்ளே ஒயர் முறிந்திருக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பல்பை மாற்றாமல் இந்தக் குழாயைப் பிரித்துப் பாருங்கள். கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் போயிருந்தால் பயம் வேண்டாம், நீளமும் பலமும் ஒத்த வேறு வண்டியின் ஷாக் பொருந்திவிடும்.

பீடிங் விஷயத்தில் இன்னொன்று. வேகனின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டியது போல இருப்பதால், ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். ரப்பர் சரியாக மூடாவிட்டால் சைலன்சர் புகையை வண்டியே உள்ளே இழுக்கும். டெஸ்ட் டிரைவில் கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு நாலுவழிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பின்சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள், மூக்கு நல்லா வேலை செய்கிற ஆளாக.

நம் மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை ஜங்ஷனில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை! அவற்றில் பலவும் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளின் அடியில் கிடந்த பகுதியில் வண்டல் கோடு இருக்கும். சீட்டைத் தரையோடு பூட்டிய போல்ட்டில் துரு இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வாசனை ஸ்பிரே அடித்து வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கு.

இனி மாடல். டாடா எஸ்டேட் 1992-ல் வந்தது, முந்தின வருஷம் வந்த டாடா சியராவின் உடன்பிறப்பு. பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ எல்லாம் அந்தக் காலத்திலேயே இருந்தது. மதினியும் பிள்ளைகளுமாக ஏறி, பின்னால் கோயில் கொடைக்கு வேண்டிய பாத்திரத்தையும் ஏற்றிவிடலாம். ஆனால் டர்போ இல்லாத 68 குதிரைத்திறன் இன்ஜின், உடம்போ கனம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் அப்படியே ஊர்ந்து போக வேண்டியதுதான். ஆரம்பகால வண்டியில் ஏசி ஆர்12 வாயுவில் ஓடியது. அந்த வாயு நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆர்134ஏ-க்கு மாற்றலாம், ஆனால் எண்ணெய், ஓ-ரிங், டிரையர் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வண்டி பார்க்கப் போங்கள், ஏசி பொய் சொல்லாது. புதிய சியரா வந்த பிறகு பழைய சியரா, எஸ்டேட் வைத்திருப்பவர்கள் தங்கத்தை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு விலை சொல்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நாம் தகரத்துக்கு மட்டும் விலை கொடுப்போம்.

ஓட்டுகிற சுகம் வேண்டும் என்றால் மாருதி பலேனோ ஆல்ட்டூரா. 1.6 லிட்டர் பெட்ரோல், 94 குதிரைத்திறன். நாங்குநேரி தாண்டிக் காவல்கிணறு வரை அந்த இன்ஜின் பாடிக்கொண்டே போகும். பார்ட்ஸ் கடையில் மட்டும் வெறுமனே பலேனோ என்று கேட்டுவிடாதீர்கள், 2015-க்குப் பிறகு வந்த வேறு காருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பலேனோ என்று அழுத்திச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சங்கதி பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கில் துரு பிடிக்கும். வாங்கியதும் பெட்ரோல் குழாய், ஃபில்டர், டைமிங் பெல்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது ஓட்டுகிறவருக்குத்தான் இந்த வண்டி.

ஃபியட் வீக்எண்ட், ஓப்பல் கோர்சா ஸ்விங் இரண்டும் அழகு. மறுக்கவில்லை. ஆனால் ஓப்பல் பெயரை 2006-லேயே இங்கே கைவிட்டார்கள், அதை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் விற்பனையையே நிறுத்தியது. விற்கிறவர் கூடவே ஒரு பின்கண்ணாடியும் இரண்டு பின்விளக்கும் கொடுத்தால் யோசிக்கலாம். ஸ்கோடா ஆக்டேவியா காம்பி? பணம் செலவழிக்க ஆசையிருப்பவர்கள் வாங்கட்டும்.

என் கை நீள்வது டீசல் மெரினாவுக்குத்தான். 2004-ல் வந்தது. வேகம் கிடையாது, கௌரவமும் கிடையாது, உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் கடகடவென்று ஆடும். ஆனால் எத்தனால் தொல்லை இல்லை, சாமான் ஏறும், நடுவழியில் நின்றால் களக்காட்டிலும் ஆள் கிடைப்பார். இதற்கும் டைமிங் பெல்ட்தான், மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாழைத்தார் ஏற்றிய வண்டியா என்று தெரிந்துகொள்ள சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், பின்பக்கம் உட்கார்ந்திருக்கும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. இந்த வண்டிகள் எல்லாமே 15 வயதைத் தாண்டியவை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் இருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். விலை பேசும்போது ஆர்சி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று கேட்டு இதைக் கழித்துப் பேசுங்கள். விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு 50 வயது ஆக வேண்டும், எஸ்டேட்டுக்கு 2042 வரை காத்திருக்கணும். டெல்லியில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பழைய லோன் பதிவு ஆர்சியில் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஆலங்குளம் பக்கம் ஒரு மெரினா பார்க்கப் போகிறேன். ஆர்சி இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதாம், பின்கதவில் மட்டும் ஒரு ஒடுக்கு என்கிறார் உரிமையாளர். அந்த ஒடுக்கில் காந்தம் ஒட்டுகிறதா என்பதை வீடியோவிலேயே காட்டுகிறேன். யாரிடமாவது மெரினாவின் பின்கண்ணாடி சும்மா கிடந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.