பழைய புகைபோக்கிக்குள் லைனர்: எதை வாங்குவது, எப்படி இறக்குவது

வணக்கம். இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்கி, அதன் கணப்பில் விறகு ஸ்டவ் வைக்கப் போகிறவர்களுக்கான வீடியோ இது. ஸ்டவ்வின் நிறம், கண்ணாடி, கைப்பிடி எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை இறக்கும் எஃகுக் குழாயான லைனரைப் பற்றி யோசிப்பது கடைசி நாளில்தான். புகையும் கார்பன் மோனாக்சைடும் படுக்கையறைக்குள் வராமல் காப்பது அந்தக் குழாய்தான்.

(திரையில்: புகைபோக்கியின் குறுக்குவெட்டுப் படம்)

பழைய புகைபோக்கி திறந்த கணப்புக்காகக் கட்டியது. உள்ளே ஏறக்குறைய 225 மில்லிமீட்டர் சதுரம், அதில் நெருப்போடு சேர்ந்து அறைக் காற்றும் ஏராளமாக மேலே போகும். ஸ்டவ் அப்படியல்ல, வெப்பத்தை அறைக்குள் நிறுத்திக்கொண்டு கொஞ்சம் புகையை மட்டும் மெதுவாக விடுகிறது. அந்தக் கொஞ்சப் புகை அவ்வளவு பெரிய, குளிர்ந்த செங்கல் கூட்டுக்குள் போனதும் சூடு ஆறி, ஈரமும் தாரும் சுவரில் படிகிறது. தார் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும். காரை உதிர்ந்த இடுக்குகள் வழியாக வாயு பக்கத்து அறைக்கும் கசியும். ஆகவே லைனரின் வேலை ஒன்றுதான்: புகையைச் சூடு ஆறவிடாமல், கசியவிடாமல் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுவது. அளவு, தரம், வெப்பக் காப்பு எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் அளவு. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள லைனரின் வாய், பரப்பளவில் அந்தப் பழைய 225 சதுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான், அதனாலேயே புகை வேகமாக ஏறுகிறது. அதற்காக இன்னும் சிறியதைப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டவ்வின் வெளிவாயைவிடச் சிறிய லைனர் கூடவே கூடாது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க அனுமதி பெற்ற ஸ்டவ் என்றால், தயாரிப்பாளர் சம்மதித்தால் 125 போதும். மற்றபடி விறகுக்கு 150 தான்.

அடுத்து தரம். கடையில் 316, 904 என்று இரண்டு எஃகு இருக்கும், இரண்டுமே உள்ளே வழவழப்பாக, இரட்டை அடுக்காக, வளையக்கூடியதாக வரும். காய்ந்த விறகு மட்டும் எரிப்பவர்களுக்கு 316 சரி. புகையில்லா நிலக்கரியும் போடுவேன் என்றால் 904 வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நிலக்கரியில் கந்தகம் உண்டு. கோடை முழுக்க ஸ்டவ் சும்மா இருக்கும்போது, குழாயில் படிந்த புகைக்கரியில் தங்கிய அந்தக் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகை அரிக்கும். விறகையும் நிலக்கரியையும் கலந்து எரித்தால் இன்னும் மோசம், விறகின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. விறகு எதுவானாலும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

(திரையில்: லைனர் மேல் அச்சிட்ட அம்புக்குறி)

சரி, இறக்குவதற்கு வருவோம். முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, புகை விட்டுச் சோதித்துப் பாருங்கள். கூரை வேலைக்குச் சாரம் கட்டுங்கள், ஏணியை நம்பி மேலே நின்று கனமான குழாயை இழுக்கவே வேண்டாம். லைனரின் கீழ்முனையில் கூம்பு மாட்டி, அதில் கயிறு கட்டி, மேலிருந்து ஒருவர் மெல்ல விட, கீழிருந்து இன்னொருவர் இழுக்க வேண்டும். வளைவில் சிக்கினால் முறுக்காதீர்கள், கொஞ்சம் மேலே தூக்கி மறுபடி விடுங்கள்.

அப்புறம் அந்த அம்புக்குறி. அது புகை போகும் திசை, மேல்நோக்கி இருக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் லைனரைத் தலைகீழாக இறக்கியிருந்தார்கள். எஃகுப் பட்டையைச் சுற்றிச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று மடித்துத்தான் லைனர் செய்கிறார்கள். சரியாக நின்றால் கீழே வழியும் தார் குழாய்க்குள்ளேயே வழியும். தலைகீழானால் மடிப்புக்குள் புகுந்து வெளியே கசியும், சுத்தம் செய்யும் பிரஷ்ஷும் மடிப்பில் மாட்டி அதைக் கிழிக்கும். அந்த வீட்டில் முழு லைனரையும் உருவி எறிய வேண்டியதாயிற்று.

மேலே தகட்டில் லைனரைக் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டு, மழையும் பறவையும் புகாத மூடி போடுங்கள். கீழே அடாப்டர் வழியாக ஸ்டவ் குழாயோடு இணைத்து, கணப்பின் வாயைத் தகடு வைத்து அடையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் வெர்மிகுலைட் என்ற, வெப்பத்தைத் தடுக்கும் லேசான தாதுத் துகள்களைக் கொட்டலாம், அல்லது லைனருக்கே காப்புப் போர்வை சுற்றி இறக்கலாம். வெளிச்சுவரில் நிற்கும் புகைபோக்கிக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன், குளிர் அங்கேதான் அதிகம் தாக்கும்.

இந்த வேலைக்குக் கட்டிட விதிமுறை உண்டு. விறகு ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹீட்டாஸ் (HETAS) அமைப்பில் பதிவு பெற்றவர் செய்தால் அவரே சான்றிதழ் தருவார். நீங்களே செய்வதென்றால் தொடங்கும் முன்பே கவுன்சிலின் கட்டிடப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக கார்பன் மோனாக்சைடு அலாரம். ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள், அறையின் உட்கூரையில் மாட்டுவதென்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி. முதல் தீக்குச்சியைக் கிழிக்கும் முன்பே அதை மாட்டி, பொத்தானை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.